192 பற்களும் ஒரு மாமாவும்

ஒருத்தன் பேசிப் பேசி நம் உயிரை வாங்கினால் அவனுக்கு நாம் கொடுக்கும் பட்டங்களைக் கவனித்திருக்கிறீர்களா? அறுவை, பிளேடு, ரம்பம், மொக்கை. நான்குமே வெட்டுகிற சமாச்சாரம்தான். இன்றைக்கு நான் எழுதப் போவது நிஜமாகவே ரம்பத்தைப் பற்றி. அதனால் படித்து முடித்துவிட்டு "சரியான ரம்பம்டா" என்று யாராவது சொன்னால் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வேன் :-)

ஆனால் அந்த நான்கில் ஒன்றுதான் சரியான சொல் என்பது என் கட்சி. நல்ல கூரான ரம்பம் யாரையும் படுத்தாது, சத்தமில்லாமல் வேலையை முடித்துவிட்டுப் போய்விடும். படுத்துவது கூர் மழுங்கிய ரம்பம். அதாவது மொக்கை. அந்த மொக்கையை எடுப்பதற்கென்றே ஒரு தொழில் இருக்கிறது, ஒரு மெஷினும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் என் மாமா மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லிவிட்டு என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு மீஞ்சூர் பக்கம். காட்டுப்பள்ளி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு 2013-இல் வேலை தொடங்கிய துறைமுகம், கப்பல் கட்டும் தளம், 2010-இல் திறந்த கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் இவைதான் ஞாபகம் வரும். எங்களுக்கோ அந்த ரோட்டில் ராத்திரி பகலாக ஓடும் கண்டெய்னர் லாரிகள்தான் ஞாபகம் வரும். அந்த லாரிகளுக்குள்ளே என்னென்னவோ போகிறது. கார் பாகம் போகும், மோட்டார் போகும், பம்பு போகும். ஆனால் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே பொருள்தான் இருக்கும். மரத்தில் செய்த பேலட். சரக்கைத் தூக்கி வைக்கிற மரச்சட்டம்.

இந்தப் பேலட்டை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் வெளிநாட்டுக்குப் போகிற மரப் பேலட்டுக்கு ஐ.எஸ்.பி.எம்.15 என்று ஒரு சர்வதேச விதி இருக்கிறது. சூடு வைத்துப் பதப்படுத்துவதானால், மரத்தின் நடுப்பகுதி வரைக்கும் 56 டிகிரி செல்சியஸ் சூடு ஏற வேண்டும். அந்தச் சூடு தொடர்ந்து 30 நிமிடம் இருக்க வேண்டும். மரத்துக்குள்ளே இருக்கிற பூச்சி வேறு நாட்டுக்குப் போகக் கூடாது என்பதற்காக. அதற்கு அப்புறம்தான் முத்திரை குத்துவார்கள். இவ்வளவு மரியாதை கிடைக்கும் அந்தச் சட்டத்தை யார் அறுத்துக் கொடுக்கிறார்கள்? எங்கள் பக்கத்து மர மில்கள் மாதிரி சின்னச் சின்ன மில்கள்தான்.

அப்படி ஒரு மில்லில் என் தாய்மாமா 28 வருஷமாக வேலை பார்த்தார். மில் பெயர் வேண்டாம். அங்கே எல்லாரும் அவரை "டாக்டர்" என்றுதான் கூப்பிடுவார்கள். கிண்டல் இல்லை. ஆங்கிலத்திலேயே இந்த வேலைக்கு "சா டாக்டர்" என்றுதான் பெயர். ரம்பத்துக்கு வைத்தியம் பார்ப்பவர். சின்ன வயதில் நான் பள்ளிக்கூடத்தில் "எங்க மாமா டாக்டர்" என்று சொல்லி, எந்த ஆஸ்பத்திரி என்று டீச்சர் கேட்டு மாட்டிக்கொண்டது தனிக்கதை.

அந்த மில்லில் ஓடுவது பேண்ட் சா. இரண்டு பெரிய இரும்புச் சக்கரத்தில் பெல்ட் மாதிரி சுற்றி ஓடும் எஃகுப் பட்டை. அதன் ஒரு ஓரம் முழுக்கப் பல். பட்டையின் நீளம் சுமார் 20 அடி. ஒன்றேகால் அங்குலத்துக்கு ஒரு பல் என்று வைத்துக்கொண்டால் 192 பல். மனுஷனுக்கு 32 பல்லைப் பார்த்துக்கொள்வதே பெரும்பாடு!

ரம்பம் எதனால் மழுங்குகிறது? மரம் கெட்டியாக இருப்பதால்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சவுக்கு அப்படித்தான், கல் மாதிரி. ஆனால் தேக்கு அவ்வளவு கெட்டி இல்லை, அதை அறுத்தாலும் பல் சீக்கிரம் போய்விடும். காரணம் தேக்குக்குள்ளேயே மணல் சத்து (சிலிக்கா) இருக்கிறது. ரம்பத்தைப் பொறுத்தவரை அது உப்புத்தாளை அறுப்பது மாதிரி. அப்புறம் தரையில் இழுத்து வந்த கட்டையின் பட்டையில் ஒட்டியிருக்கும் மண். எல்லாவற்றுக்கும் மேலே ஆணி. ரோட்டோர மரத்தில் டியூஷன் சென்டர் போர்டு மாட்ட அடித்த ஆணி பத்து வருஷத்தில் மரத்துக்குள்ளே மூழ்கிவிடும். 2016 டிசம்பரில் வர்தா புயலில் விழுந்த மரங்கள் மில்லுக்கு வந்தபோது, "கட்டையை அறுக்கறமா, ஆணிக் கடையை அறுக்கறமான்னே தெரியல மாப்ள" என்று மாமா புலம்பினார்.

கையால் தீட்டுவது இப்படி. பட்டையைக் கழற்றி மேஜையில் பிடித்து வைத்து, முக்கோண அரத்தால் ஒவ்வொரு பல்லாக ராவ வேண்டும். ஒரு பல்லுக்கு 15 வினாடி என்றாலும் 192 பல்லுக்கு 48 நிமிடம். தலை நிமிரக் கூடாது. கை ஒரே கோணத்தில் போக வேண்டும். மதியத்துக்கு மேலே கை தளர்ந்தால் கோணமும் தளரும். 150-ஆவது பல் முதல் பல் மாதிரி இருக்காது. ஒரு பல் மற்றவற்றைவிட ஒரு முடி அளவு உயரமாக நின்றாலும் பாரம் முழுவதும் அதன் தலையில்தான் விழும். மாமாவின் வலது கை நடுவிரல் இன்றைக்கும் நேராக நீளாது. கழுத்தெலும்புக்குத் தனியாக வைத்தியம் நடக்கிறது.

நாலு வருஷத்துக்கு முன்னால் முதலாளி மெஷின் வாங்கினார். தானாகவே பல் தீட்டும் மெஷின். பார்த்தால் அழகாக இருக்கும். ஒரு சின்ன மோட்டார். அதோடு சேர்ந்து சுற்றும் முட்டை வடிவத் தகடுகள், கேம் என்போமே அதுதான். ஒரு கேம் ஒரு இரும்பு விரலைத் தள்ளும், அந்த விரல் பட்டையைச் சரியாக ஒரு பல் தூரம் நகர்த்தும். இன்னொரு கேம் சுற்றுகிற சாணைக்கல்லை மேலே தூக்கி இறக்கும். கல் இறங்கும்போது ஒரு பல்லின் முகத்தைத் தீட்டும், நடுக் குழியைச் சுற்றி வரும், அடுத்த பல்லின் முதுகு வழியாக மேலே ஏறும். மறுபடி விரல் தள்ளும். டக்... ஸ்ஸ்ஸ்... டக்... ஸ்ஸ்ஸ். நிமிடத்துக்கு 40 பல் என்று ஓட்டினால் ஐந்து நிமிடத்துக்குள் ஒரு சுற்று. மூன்று சுற்று விட்டாலும் கால் மணி நேரம்தான்.

மெக்கானிக்கல் டிப்ளமோ படிக்கிறவன் என்பதால் எனக்கு அதைப் பார்த்ததும் காதலே வந்துவிட்டது. மாமாவுக்கும் பிடித்திருந்தது என்பதுதான் முக்கியம். மெஷின் வந்ததால் வேலை போச்சே என்று அழுத கதை இல்லை இது. "இதை இருபது வருஷம் முன்னாடி வாங்கியிருந்தா என் கழுத்து தப்பிச்சிருக்கும்டா" என்றார்.

ஆனால் மூன்றே மாதத்தில் முதலாளி மாமாவை நிறுத்திவிட்டார். அவர் கணக்கு அவருக்கு நியாயமாகத்தான் இருந்தது. மெஷின் கடனில் வாங்கியது. பேலட்டில் கிடைக்கும் லாபம் கொஞ்சம். சுவிட்சைப் போட ஒரு ஹெல்ப்பர் போதும், டாக்டர் எதற்கு? பீகாரிலிருந்து வந்த 19 வயதுப் பையன் ஒருவன் மெஷினில் நின்றான். நல்ல பையன். சொல்லிக் கொடுத்திருந்தால் கற்றுக்கொண்டிருப்பான். அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் பச்சை பட்டன், சிவப்பு பட்டன் மட்டும்தான்.

இங்கேதான் என் கருத்து ஆரம்பிக்கிறது. மெஷின் எல்லாப் பல்லையும் ஒரே மாதிரி தீட்டும். சரியாகத் தீட்டுமா என்பது வேறு கேள்வி. தள்ளுகிற விரல் தேய்ந்து போயிருந்தால், சாணைக்கல்லின் ஓரம் உருண்டு போயிருந்தால், கோணம் மாறியிருந்தால், மனுஷன் ஒரு தப்புச் செய்கிற இடத்தில் மெஷின் அதே தப்பை 192 தடவை செய்யும். மென்மையான மரத்துக்குப் பல் முன்னால் நன்றாகச் சாய்ந்து கொக்கி மாதிரி இருக்கலாம். கெட்டி மரத்துக்குச் சாய்வைக் குறைக்க வேண்டும். நாளைக்குச் சவுக்கா, ரப்பர் மரமா என்று மெஷினுக்கு எப்படித் தெரியும்?

அதைவிட ஆபத்தானது அவசரம். ஒரே சுற்றில் முடிக்க வேண்டும் என்று கல்லை அழுத்தி இறக்கினால் பல் சூடேறி நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடத்தில் எஃகின் குணமே மாறிவிடும், உடையும் தன்மை வந்துவிடும். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் இருக்கும் குழியில் முடி மாதிரி ஒரு வெடிப்பு விழும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. மாமா நகத்தால் தடவியே கண்டுபிடிப்பார்.

தீட்டுவது மட்டும் வைத்தியம் இல்லை. பல்லை ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம் என்று லேசாக வளைத்துச் செட் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டை மரத்துக்குள்ளேயே இறுகிக்கொள்ளும். பட்டையின் நடுப்பகுதியைச் சுத்தியலால் தட்டிக் கொஞ்சம் இளக்கி, இரண்டு ஓரமும் விறைப்பாக நிற்கும்படி செய்ய வேண்டும். மாமா பட்டையை வளைத்துப் பிடித்து, மேலே நேர்கோல் வைத்து, அடியில் எவ்வளவு வெளிச்சம் தெரிகிறது என்று பார்ப்பார். அந்த வெளிச்சக் கீற்றுதான் அவருக்கு எக்ஸ்ரே. மெஷின் பல்லைப் பார்க்கும், முழுப் பட்டையையும் பார்ப்பது ஆள்தான்.

என்ன நடந்தது என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். மாமா போன ஐந்தாவது மாதம் ஓடிக்கொண்டிருந்த பட்டை அறுந்தது. மூன்று அடி சக்கரம் நிமிடத்துக்கு 600 சுற்று சுற்றினால் பட்டையின் வேகம் என்ன என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. அந்த வேகத்தில் 192 பல்லோடு ஒரு பட்டை வெளியே பாய்ந்தால்? கூரைத் தகரம் கிழிந்தது. மெஷினில் பட்டன் போட்டுக்கொண்டிருந்த அதே பையனுக்கு முழங்கைக்குக் கீழே ஏழு தையல். கை போகவில்லை. அதிர்ஷ்டம் என்று எல்லாரும் சொன்னார்கள். அறுந்த துண்டை மாமாவிடம் காட்டினார்கள். குழிக்குக் குழி நீலம்.

நியாயமாகப் பேச வேண்டும் என்றால் மாமா மேலேயும் தப்பு இருக்கிறது. 28 வருஷத்தில் ஒரு ஆளுக்குக்கூட அவர் சுத்தியல் தட்டுவதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. யாராவது பக்கத்தில் வந்தால் பட்டையைத் திருப்பி வைத்துவிடுவார். தொழிலை மூடி வைத்தால் வேலைக்குப் பாதுகாப்பு என்று நினைத்தார். மூடி வைத்ததால்தான் அதில் என்ன இருக்கிறது என்று முதலாளிக்கும் தெரியாமல் போயிற்று. தெரியாத வேலைக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?

இந்த மெஷின் ஒன்றும் புதுசும் இல்லை. ஜெர்மனியில் பிபெராக் என்ற ஊரில் ஹைன்ரிஷ் ஃபோல்மர் என்பவர் 1909-இல் ஆரம்பித்த பட்டறை, ரம்பம் தீட்டும் மெஷினுக்கே உலகப் பெயர் வாங்கிய கம்பெனியாக இன்றைக்கும் இருக்கிறது. அமெரிக்காவில் அதற்கும் முன்னாலேயே பெரிய மர மில்களில் தானாகத் தீட்டும் மெஷின்கள் வந்துவிட்டன. அங்கே என்ன ஆயிற்று தெரியுமா? தீட்டுகிற ஆளை அனுப்பிவிடவில்லை. அந்த மில்களில் ரம்பத்துக்கென்று தனி அறை, பெரும்பாலும் மாடியில். அந்த அறையின் தலைமை ஆள், மில்லிலேயே அதிகச் சம்பளம் வாங்குபவர்களில் ஒருவர். மெஷின் அவர் கையிலிருந்த பாரத்தை எடுத்துக்கொண்டது, அவர் கண்ணுக்கு மதிப்பு கூடியது. மெஷினை மட்டும் வாங்கிக்கொண்டு அந்த வழக்கத்தை நாம் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

"ஒரு சின்ன மில் விவகாரத்துக்கு இவ்வளவு எழுத வேண்டுமா?" என்று கேட்கலாம். இது காட்டு விவகாரமும்தான். நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பக்கத்துக் காடுகள் அழிவதைத் தடுக்க வேண்டும் என்று கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அந்த வழக்கில் 1996 டிசம்பர் 12-ஆம் தேதி வந்த உத்தரவு, மத்திய அரசு அனுமதி இல்லாமல் காட்டுக்குள் நடந்த மர மில்களை நிறுத்தச் சொன்னது. 2002 அக்டோபர் 30-ஆம் தேதி உத்தரவு, நீதிமன்றம் அமைத்த மத்தியக் குழுவின் அனுமதி இல்லாமல் எந்த மாநிலமும் புது மர மில் திறக்க விடக் கூடாது என்றது. 2016-இல் வந்த வழிகாட்டு நெறிகளுக்குப் பிறகு அந்தப் பொறுப்பு மாநில அளவிலான குழுக்களுக்கு வந்தது. எத்தனை மில் என்பதற்கு இவ்வளவு கணக்கு. சரிதான், வேண்டியதுதான். ஆனால் இருக்கிற மில்லில் எவ்வளவு மரம் தூளாகப் போகிறது என்று யார் கணக்குப் பார்க்கிறார்கள்?

ஒரு சின்னக் கணக்கு. 25 மில்லிமீட்டர் பலகை அறுக்கிறோம். நல்ல ரம்பம் ஒரு அறுப்புக்கு 3 மி.மீ. தூளாக்கும். ஆக ஒரு பலகைக்கு 28. மழுங்கிய ரம்பம் நேராகப் போகாது, பாம்பு மாதிரி நெளியும். நெளிவை இழைத்து எடுக்க ஒரு 2 மி.மீ. கூடுதலாக வைத்து அறுக்க வேண்டும். ஒரு பலகைக்கு 30. இப்போது 420 மி.மீ. கனமுள்ள கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல ரம்பத்தில் 15 பலகை. மொக்கை ரம்பத்தில் 14. அதாவது 15 மரத்தில் ஒரு மரத்தை யாருக்கும் உபயோகம் இல்லாமல் தூளாக்குகிறோம். கரண்ட் பில் தனி.

சரி, என்ன செய்யலாம்? என் சிற்றறிவுக்கு எட்டிய நான்கு விஷயங்கள்.

முதலாவது, மெஷினை வாங்குங்கள். கையால்தான் தீட்ட வேண்டும் என்று பழம்பெருமை பேசுகிறவர்கள் ஒரு நாள் குனிந்து உட்கார்ந்து 192 பல்லை ராவிப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

இரண்டாவது, மெஷினோடு மூடி, கண்ணாடி, தூசியை உறிஞ்சும் குழாய் மூன்றையும் சேர்த்தே வாங்குங்கள். சாணைப்பொறி கண்ணுக்கும், தூசி நுரையீரலுக்கும் போகிறது. மரத்தூளைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995-லேயே முடிவு சொல்லிவிட்டது, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் அது இருக்கிறது. நம் மில்களில் பாதுகாப்பு என்றால் இன்னும் தோளில் கிடக்கும் துண்டுதான்.

மூன்றாவது, இந்த வேலையைச் சொல்லிக் கொடுக்க ஒரு இடம் வேண்டும். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கிறவன் ஆரம்பத்திலேயே பிடிப்பது அரம்தான். அதோடு ரம்பம் தீட்டுவது, செட் வைப்பது, தட்டி விறைப்பு பார்ப்பது இவற்றுக்கு ஒரு மாதம் ஒதுக்கினால் என்ன? தனியாக ஆள் வைக்க முடியாத சின்ன மில்கள் சேர்ந்து பொதுவாக ஒரு தீட்டும் கூடம் வைக்கலாம். சிறு தொழில்கள் இப்படிக் கூட்டாகப் பொது வசதி மையம் அமைக்க மத்திய அரசின் குறு, சிறு தொழில் குழுமத் திட்டத்தில் உதவி உண்டு. கும்மிடிப்பூண்டியில் அப்படி ஒன்று வந்தால் முதல் ஆளாக மாமாவைக் கூட்டிக்கொண்டு நான் போவேன்.

நான்காவதுதான் எனக்கு முக்கியம். அந்த விபத்துக்குப் பிறகு முதலாளி வீட்டுக்கே வந்தார். காபி குடித்தார். பழைய சம்பளத்துக்கு மேலேயும் கொடுப்பதாகச் சொன்னார். மாமா சம்பளத்தைப் பற்றிப் பேசவே இல்லை. அவர் கேட்டது இதுதான்: "மெஷின் இருக்கட்டும் முதலாளி, அது எனக்கு வேணும். ஆனா எந்த பிளேடு ஏறணும், எது ஏறக் கூடாதுன்னு நான்தான் சொல்வேன். நான் வேணாம்னா அன்னிக்கு அது ஏறக் கூடாது. லாரி வெளிய நின்னாலும் சரி."

முதலாளி கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சரி என்றார்.

திறமைக்கு மரியாதை என்பது மாலை போடுவதோ "டாக்டர்" என்று கூப்பிடுவதோ இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. வேண்டாம் என்று சொல்கிற உரிமையைக் கொடுப்பதுதான் மரியாதை. அவசரம் என்று லாரிக்காரர் கத்துவார், ஆர்டர் போகிறதே என்று முதலாளி தவிப்பார், மெஷின் யார் பட்டன் போட்டாலும் ஓடும். இவர்கள் யாருமே நிறுத்த மாட்டார்கள். நிறுத்தத் தெரிந்த ஒரு ஆள் வேண்டும், அவர் சொன்னால் நிற்க வேண்டும். மர மில்லுக்கு மட்டுமா இது? எங்கள் பக்கத்தில் எத்தனை தொழிற்சாலை, எத்தனை மெஷின்! ஒவ்வொன்றுக்குப் பக்கத்திலும் நிற்கிறவருக்கு அந்த உரிமை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

மாமா இப்போது மறுபடியும் மில்லில்தான் இருக்கிறார். தையல் போட்ட அந்தப் பையனும் ஊருக்குப் போகாமல் திரும்பி வந்துவிட்டான். போன வாரம் சாப்பாடு கொடுக்கப் போனபோது பார்த்தேன். பட்டையை வளைத்துப் பிடித்திருந்தது பையன். நேர்கோலை வைத்து, குனிந்து, அடியில் தெரிகிற வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாமா பக்கத்தில் கை கட்டி நின்றார். பட்டையைத் திருப்பி வைக்கவில்லை.

"ஏத்தலாமா?" என்று மாமா கேட்டார்.

பையன் நகத்தால் ஒரு குழியைத் தடவிப் பார்த்துவிட்டு, அரைகுறைத் தமிழில் சொன்னான்: "வேணாம் டாக்டர்."

பட்டை ஏறவில்லை. வாசலில் லாரி நின்றுகொண்டுதான் இருந்தது.